கொழுந்துக்கும் ஒரு விசா இருந்துச்சு

உங்க அம்மா என்ன வேல செய்றாங்கன்னு யாராவது கேட்டா, பதில் சொல்ல உங்களுக்கு எத்தன செக்கன் எடுக்கும்?

எனக்கு மூணு. ரெண்டு செக்கன் பேனாவ கடிச்சேன். மூணாவது செக்கன்ல "ஹவுஸ் வைஃப்"ன்னு எழுதிட்டேன். எழுத்து வேற செம அழகா விழுந்துச்சு. அந்த நேரம் எங்கம்மா பொகவந்தலாவைல, மழைக்குள்ள, இடுப்புல சாக்குப் படங்கு சுத்திகிட்டு, கூடைய முதுகுல மாட்டிகிட்டு கொழுந்து பறிச்சிகிட்டு இருந்திருப்பாங்க. நான் பொறக்குறதுக்கு முன்னாலருந்தே அது தான் அவங்க வேல.

அடுத்த கட்டம், அப்பா தொழில். அப்பா கொழும்புல ஒரு ஹாட்வெயார் கடையில சீமெந்து மூட்ட எறக்குறாரு. "பிஸ்னஸ்"ன்னு போட்டேன். அதுக்கு அடுத்தது முகவரி. எங்க லயத்துல வரிசையா ஒட்டியிருக்கிற எந்த வீட்டுக்கும் தனி முகவரி கெடையாது, கடிதம் எல்லாம் தோட்டத்து ஒபிசுக்கு வந்து, அங்கருந்து யார் கையிலயாவது ஏறி, வந்தா வரும், வராட்டி இல்ல. அதனால நெறைய பேரு டவுன்ல ஒரு கட முகவரிய குடுப்பாங்க. நானும் பஜார்ல ஒரு போட்டோகொப்பி கட முகவரிய போட்டேன். இது மட்டும் பொய்யில்லன்னு அப்ப எனக்கு நானே சொல்லிகிட்டேன். ஆனா தோட்டத்து பேரு அந்த போம்ல எங்கயும் வரலங்கிறதுல எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா.

அந்த போம் ஜப்பான் வேல விசாவுக்கு.

இதுல கேவலம் என்னன்னா, விசா விசயத்துல எங்க லயத்துக்கே நான் தான் எக்ஸ்பேர்ட். எச்.என்.டி. டிப்ளோமா, இங்கிலிஷ்ல முடிச்ச ஆளு. யாருக்கு வெளிநாட்டு பேப்பர் வந்தாலும் எங்க வீட்டு காம்பரா வாசலுக்கு தான் வருவாங்க. "இந்தா பாப்பா, இத கொஞ்சம் படிச்சு சொல்லு". நானும் கால் மேல கால போட்டு உக்காந்து சொல்லுவேன். "அக்கா, இது விசிட் விசா. இதுல போய் வேல செஞ்சு புடிபட்டா நேரா ஏர்போர்ட்டு தான். ஏஜென்ட் அங்க போய் மாத்தலாம்னு சொல்லுவான், நம்பாதீங்க, வேல விசாவாவே கேளுங்க." "அண்ணே, பேப்பர்ல கிளீனர்னு இருக்கு, நீங்க டிரைவர்னு சொல்றீங்க. பேப்பர்ல என்ன இருக்கோ அது தான் வேல. பொய் எழுதுன பேப்பர்ல கையெழுத்து வைக்காதீங்க." இப்பிடி ஊருக்கெல்லாம் அட்வைஸ்.

எனக்குன்னு வந்தப்ப மொதல்ல நான் ஆசப்பட்டது ஒபிஸ் விசா. கழுத்துல அட்டைய மாட்டிகிட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து, ஏசியில குளுருதுன்னு சொல்லணும். அதுக்கு டிகிரி வேணுமாம், டிப்ளோமா பத்தாதாம். ஸ்டூடன்ட் விசால போனா கிழமைக்கு இருபத்தெட்டு மணித்தியாலம் தான் வேல செய்ய விடுவாங்க. மிச்சம் இருந்தது தொழில்திறன் விசா. ஜப்பான் பாஷ பரீட்ச ஒண்ணு, தொழில் பரீட்ச ஒண்ணு. ரெண்டும் பாஸ் பண்ணிட்டு, அங்க உள்ள ஒரு கொம்பனி இன்டர்வியூ வச்சு எடுத்தா விசா. எந்த தொழில்னு நம்ம தான் தெரிவு செய்யணும். வயசானவங்கள பாக்குறது, ஹோட்டல், கட்டடம் கிளீன் பண்றது, விவசாயம்னு வரிசையா இருக்கும்.

ஹட்டன்ல ஒரு புடவக்கட மாடியில ஜப்பான் கிளாஸ். படிச்சு குடுத்தவரு சிங்களவரு, ஜப்பான்ல பல வருசம் இருந்துட்டு வந்தவரு. அவர சென்செய்ன்னு தான் கூப்பிடணும், ஜப்பான்ல வாத்தியாருக்கு அது தான் பேரு. கிளாஸ்ல பாதி சிங்கள பிள்ளைங்க, பாதி நம்ம பிள்ளைங்க. எல்லாருகிட்டயும் நான் ஹட்டன் டவுன்னு தான் சொல்லி வச்சிருந்தேன். காலையில பொகவந்தலாவ பஸ்ல வளைஞ்சு வளைஞ்சு வந்து, சப்பாத்துல உள்ள மண்ண படியிலயே தேச்சுட்டு தான் மேல ஏறுவேன்.

பாஷ பரீட்ச பாஸ் பண்ணிட்டேன். கிளாஸ்லயே ரெண்டாவது. அதுல எனக்கு தல கொஞ்சம் வீங்கியிருந்த நேரம் தான் ஒரு நாள் சென்செய் போர்டுல ஒரு விசயத்த எழுதுனாரு. ஜப்பான்ல ஒரு தேயிலத் தோட்டத்துக்கு நாலு பேரு வேணுமாம். பொம்பளைங்களும் போகலாம். தேயிலயில கை பழகுன ஆளுங்க தான் வேணும்னு அந்த கொம்பனியே கேட்டிருக்காம். அனுபவத்துக்கு ஒரு கடிதம் காட்டுனா இன்டர்வியூ பாதி முடிஞ்ச மாதிரியாம். விவசாயப் பரீட்சைக்கு அவரே தயார்படுத்துறாராம்.

"தோட்டத்துலருந்து வர்றவங்க யாரு யாரு? கைய தூக்குங்க."

கந்தப்பளையிலருந்து வர்ற ஒரு பையன் ரெண்டு கையையும் தூக்குனான். "நான் சேர்! நான் தொட்டில்ல தூங்குனத விட கொழுந்து சாக்குல தூங்குனது தான் கூட!" கிளாஸே சிரிச்சுச்சு. அவனும் சேந்து சிரிச்சான். இன்னும் ரெண்டு கை மெதுவா எழும்புச்சு.

சென்செய் என்னைய பாத்தாரு. "நங்கி, ஓயா வத்தெ நேத?" தங்கச்சி, நீ தோட்டம் தானேன்னு கேக்குறாரு. எப்பிடி கண்டுபிடிச்சாருன்னு தெரியல.

"நே சேர். டவுன்"ன்னேன்.

கந்தப்பளையான் திரும்பி பாத்தான். அவன் ஒரு தடவ பஸ் ஸ்டேண்டுல என்னைய எங்கம்மாவோட பாத்திருக்கான்.  வெளிய எறங்குறப்ப தான், "டவுன் அக்கா, பாத்து எறங்குங்க, படியில தோட்டத்து மண்ணு இருக்கு"ன்னான்.

"வாய மூடுடா."

"மூடிட்டேன் அக்கா. கையத் தானே தூக்கணும், வாயி எதுக்கு?"

நான் ஹோட்டல் பிரிவுக்கு பேர குடுத்தேன். கறுப்பு கோட்டு, வெள்ள கையுறை, குனிஞ்சு வணக்கம். போட்டோ போட்டா பாக்குறவங்களுக்கு புடிக்கிற வேல. எச்.என்.டி. முடிச்சுட்டு ஜப்பான் வரைக்கும் பிளேன் ஏறிப் போய் கொழுந்து பறிக்கவான்னு தான் நெனச்சேன். அத விட உண்ம என்னன்னா, என் விசாவுல தேயிலன்னு இருக்கிறத என்கூட படிச்சவளுங்க பாத்துடுவாளுங்களேங்கிற பயம். எத்தன வருசமா மறைச்சு வச்சது.

ஆனா எனக்கு கொழுந்து தெரியாதுன்னு நெனச்சுடாதீங்க. கொரோனா நேரம் கொலேஜ் மூடுனப்ப எட்டு மாசம் அம்மாவோட மலைக்கு போனேன். நிரந்தரமில்லாத கைகாசு ஆளா செக்ரோல்ல, அதான் தோட்டத்து சம்பளப் புத்தகத்துல, பேரு கூட விழுந்துச்சு. எது பறிக்கிற கொழுந்து, எது முத்துன எல, எந்த செடிய அப்பிடியே விடணும், எல்லாம் கைக்கு தெரியும். அந்த எட்டு மாசத்த என்னோட சி.வி.யில எங்கயும் போடல. அந்த எடத்துல "ஒன்லைன் கோர்ஸ்"ன்னு போட்டு வச்சிருக்கேன்.

வீட்டுக்கு போய் இத ஒரு பகிடியா அம்மாகிட்ட சொன்னேன். "அம்மா, ஜப்பான்லயும் கொழுந்து தான் பறிக்க கூப்பிடுறாங்க, கேட்டீங்களா?"

அம்மா சிரிக்கல. கையில இருந்த ரொட்டி மாவோட அப்பிடியே நின்னாங்க. "அப்ப ஒனக்கு சுலபம் தானே பாப்பா? மத்ததெல்லாம் புதுசா பழகணும். இது தெரிஞ்ச வேல."

"நான் ஹோட்டலுக்கு குடுத்துட்டேம்மா."

"ஹோட்டல்ல ஒனக்கு என்ன தெரியும்? ஒரு பிளேன்டி ஒழுங்கா ஊத்த தெரியுதா?"

அதோட அந்த பேச்சு முடிஞ்சுச்சுன்னு நெனச்சேன். அவங்களுக்கு முடியல, அது எனக்கு தெரியல.

ஹோட்டல் பிரிவு பரீட்சையும் பாஸ். இன்டர்வியூவுக்கு அனுப்ப பேப்பர் எல்லாம் கொண்டு வாங்கன்னாரு சென்செய். என்னோட பெர்த் சர்டிபிகேட்டயும் குடுத்தேன். அத நான் அதுவரைக்கும் ஒழுங்கா படிச்சதே இல்ல. அடையாள அட்டைக்கு எடுத்தது, பைல்ல கெடந்துச்சு. மொழிபெயர்க்க குடுக்குறதுக்கு முன்னாடி சென்செய் ஒவ்வொரு கட்டமா விரல வச்சு பாத்தாரு. அப்பா கொழும்புக்கு போறதுக்கு முன்னாடி எழுதுனது, தகப்பன் தொழில்ங்கிற எடத்துல வெரல் நின்னுச்சு. தோட்டத் தொழிலாளி. பொறந்த எடம், தோட்டத்து ஆஸ்பத்திரி. தோட்டத்து பேரு, டிவிஷன் பேரு, எல்லாம் டைப் அடிச்சு.

அவரு பக்கத்துல என் போம வச்சாரு. பிஸ்னஸ். ஹவுஸ் வைஃப். பஜார் முகவரி.

"எதோ ஒண்ணு பிழ"ன்னாரு. கோவமே இல்ல. என்னைய கேட்டிருக்கலாம், நானும் எதையாவது அளந்திருப்பேன். அவரு போம்ல இருந்த அம்மா நம்பருக்கு அடிச்சாரு. கை நெறைய பேப்பர் இருந்ததால போன மேசையில வச்சு ஸ்பீக்கர்ல போட்டாரு. கிளாஸ்ல பதினஞ்சு பேரு.

"அம்மே, கெதரத?" ஜப்பான் கிளாஸ்லருந்துன்னு சொல்லிட்டு, வீட்டுலயான்னு கேக்குறாரு.

காத்து சத்தம். பின்னால பொம்பளைங்க பேச்சு, யாரோ "நெறைய புடிச்சு ஆயுங்கடி"ன்னு கத்துற சத்தம். அப்புறம் எங்கம்மாவோட சந்த சிங்களம், முழுசா, சத்தமா. போன்ல பேசுனா கத்தி தான் பேசணும்ங்கிறது அவங்க கொள்க.

"நே மஹத்தயா! மலே! தே தளு கடனவா!" வீட்டுல இல்லங்கய்யா, மலையில, கொழுந்து பறிக்கிறேன்.

யாரோ பின்பக்கம் களுக்குன்னு சிரிச்சாங்க. சென்செய் எதையும் கேக்கல, அம்மாவே பேசிகிட்டே போனாங்க. மகளும் நல்லா பறிப்பாளாம். கொரோனா நேரம் எட்டு மாசம் பறிச்சாளாம். கை வேகமாம். ஜப்பான் தேயிலைக்கு அவள போட சொல்லுங்கய்யா, ஹோட்டல் வேணாமாம், அவளுக்கு பிளேன்டி கூட ஊத்த வராதாம். இப்ப எல்லாரும் சிரிச்சாங்க. அம்மா அத கேட்டு அங்க அவங்களும் சந்தோசமா சிரிச்சாங்க. என்னைய பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்லிட்டோம்னு நெனச்சிருப்பாங்க. சிக்னல் போயிருச்சு.

கந்தப்பளையான் மட்டும் சிரிக்கல. சன்னல் பக்கம் பாத்துகிட்டு இருந்தான். அது தான் எனக்கு ரொம்ப குத்துச்சு.

சென்செய் என்னைய வெளிய படிக்கட்டுக்கு கூப்பிட்டாரு. அவரு சொன்னது இவ்வளவு தான்: தோட்டம்ங்கிறது பிரச்சினையே இல்ல, ரெண்டு பேப்பர்ல ரெண்டு மாதிரி இருந்தா விசா வராது. போம திரும்ப எழுது. அப்புறம், தேயிலைக்கு மூணு பேரு தான் சரியாயிருக்காங்க, ஒரு எடம் இருக்கு. உங்கம்மா சொல்றது உண்மைன்னா தோட்டத்துல ஒரு கடிதம் எடுத்துட்டு வா, வர்ற விவசாயப் பரீட்சைக்கு ஒன்னையும் போடுறேன். இந்த கிழம முடியிற வரைக்கும் வேற யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்.

அப்பவே சரின்னு சொல்லியிருக்கணும். எல்லாம் வெளிய வந்தாச்சு, மறைக்க இனி ஒண்ணுமே இல்ல. ஆனா உள்ள பதினஞ்சு பேரு சிரிச்ச சத்தம் காதுலயே நிக்குது. "நான் எச்.என்.டி. சேர். எனக்கு ஹோட்டலே போதும்"னேன். அவரு "ஹரி நங்கி", சரி தங்கச்சின்னுட்டு உள்ள போயிட்டாரு.

வீட்டுக்கு போனப்ப அம்மா பீலியில கால் கழுவிகிட்டு இருந்தாங்க, அட்ட கடிச்ச எடத்துல ரத்தம் ஓடிகிட்டு இருந்துச்சு. சுத்தி நாலஞ்சு பேரு தண்ணிக்கு நின்னாங்க. நான் பாக்கல, நிறுத்தல. "யாரு உங்கள அதெல்லாம் சொல்ல சொன்னது? வீட்டுல தான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்ல தெரியாதா? மானமே போச்சு!" இன்னும் என்னென்னமோ. லயம் முழுக்க கேட்டிருக்கும்.

அம்மாவுக்கு மொதல்ல புரியல. நான் போம்ல என்ன எழுதுனேன்னு நானே கத்தி சொன்னதுக்கு அப்புறம் தான் புரிஞ்சுச்சு.

"கேட்டாரு, சொன்னேன்"ன்னாங்க. காலத் தொடச்சுகிட்டே, "ஹவுஸ் வைப்புன்னா வீட்டுல சும்மா இருக்கிறவங்க தானே? நான் எப்ப பாப்பா சும்மா இருந்தேன்?"

ஏசவும் இல்ல, அழவும் இல்ல. உண்மையாவே கேட்டாங்க. பீலிகிட்ட நின்ன ஒரு அக்கா கொடத்த எடுத்துகிட்டு மெதுவா நகந்துச்சு.

மறுநாள் காலையில பெரட்டுல, எந்த மலைக்கு யாருன்னு வேல பிரிச்சு குடுக்குற அந்த எடத்துல, எல்லார் முன்னாலயும் எங்கம்மா வேலைய மேற்பார்வ பாக்குற கண்டாக்கையாகிட்ட கேட்டிருக்காங்க. எங்க புள்ள இங்க கொழுந்தெடுத்ததுக்கு ஒரு கடிதம் வேணும், ஜப்பானுக்கு. "இங்க இல்லாத கொழுந்தா அங்க?"ன்னு ஒருத்தி. "மலைக்கு போகவே மூஞ்சிய சுளிக்கும் அது, ஜப்பான்ல போய் பறிக்கப்போவுதா?"ன்னு இன்னொருத்தி. கண்டாக்கும் சிரிச்சாராம். ஆனா செக்ரோல் பழச தேடி எடுத்து, தோட்டத்து மனேஜர், பெரிய தொரகிட்ட கையெழுத்து வாங்கி, சீல் குத்தி குடுத்துட்டாரு. அதுக்காக ஒபிஸ் வாசல்ல அம்மா அர நாள் நின்னாங்க, அன்னைக்கு அரப்பேரு, அர நாள் சம்பளம் தான் விழுந்துச்சு. இதெல்லாம் பக்கத்து காம்பரா அக்கா சொல்லி தான் எனக்கு தெரியும். அம்மா கடிதத்த ஒரு சொப்பிங் பேக்ல சுத்தி, மழ படாம, என் பைக்கு மேல வச்சிருந்தாங்க.

நான் அத பைல்ல, எல்லாத்துக்கும் அடியில வச்சேன்.

"குடுத்தியா?"ன்னு கேட்டாங்க அந்த வெள்ளிக்கிழம.

"குடுத்துட்டேன்."

கிழம முடிஞ்சுச்சு. நாலாவது எடம் இறம்பொடை பக்கத்து புள்ள ஒண்ணுக்கு போச்சு.

ஹோட்டல் இன்டர்வியூ ஒன்லைன்ல, கிளாஸ்ல வச்சு, சென்செய் பக்கத்துல இருக்க. புது போம்ல எல்லாத்தையும் உண்மையா எழுதி சென்செய் அனுப்பியிருந்தாரு. அம்மா, தேயிலத் தோட்டத் தொழிலாளி. ஸ்க்ரீன்ல ஒரு அம்மாவும் ஒரு ஐயாவும். ரொம்ப மரியாதையா சிரிச்சாங்க. பேரு சொன்னேன், வயசு சொன்னேன், ஏன் ஜப்பான்னு கேட்டதுக்கு பாடமாக்குனத தண்ணி மாதிரி சொன்னேன். அப்புறம் அந்த அம்மா பேப்பர பாத்துகிட்டே கேட்டாங்க, உங்க அம்மா என்ன வேல செய்றாங்க?

நாலு மாசமா பாடமாக்குன பதில் வாயில இருந்துச்சு. அது அப்பிடியே வந்துருச்சு. "ஹஹ வ ஷுஃபு தெஸ்." என் அம்மா இல்லத்தரசி.

அவங்க பேப்பர பாத்தாங்க. என்னைய பாத்தாங்க. திரும்ப பேப்பர. பக்கத்துல இருந்த ஐயாகிட்ட காட்டுனாங்க. இந்தப் பக்கம் சென்செய் கண்ண மூடிகிட்டாரு. திருத்தணும்னு எனக்கு தெரியும், ஆனா கொழுந்து பறிக்கிறாங்கங்கிறத ஜப்பான் பாஷையில எப்பிடி சொல்றதுன்னு நான் படிக்கவே இல்ல. என்னோட வாழ்க்கையில அது தேவப்படாதுன்னு முடிவு பண்ணி வச்சிருந்தேன். "சுமிமாசென்"ன்னேன், மன்னிச்சுக்குங்க. அவங்களும் குனிஞ்சு நன்றி சொன்னாங்க. மூணு நாள்ல எடுக்கலன்னு மெயில் வந்துச்சு.

அதுக்கு அப்புறம் தான் அந்த கடிதத்த எடுத்துகிட்டு போய் சென்செய் மேசையில வச்சேன். அவரு சொப்பிங் பேக்க பிரிச்சு, படிச்சு, திகதிய பாத்தாரு. அவரு குடுத்த கிழமைக்குள்ள எழுதுன கடிதம். "இது ஒன்கிட்ட இருந்துச்சா?"ன்னாரு. நான் தலையாட்டுனேன்.  விவசாயப் பரீட்ச திரும்ப வைப்பாங்க, எழுது, வேற தோட்டம் கேட்டா சொல்றேன்னு கடிதத்த கொப்பி எடுத்துட்டு ஒரிஜினல திருப்பி குடுத்தாரு.

கந்தப்பளையான் ஜப்பானுக்கு போயிட்டான். வொய்ஸ் போடுவான். "அக்கா, இங்க மிஷின ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சுகிட்டு செடிக்கு மேல அப்பிடியே இழுத்துட்டு போறாங்க. முத்துன எல, கொழுந்து எல்லாம் ஒண்ணா வருது. எங்கம்மா பாத்தா ஏசி கொன்னுரும். நீங்க வந்தா மிஷினுக்கு மத்தப் பக்கம் உங்களுக்கு தான்." டவுன் அக்கான்னு இப்ப அவன் கூப்பிடுறது இல்ல.

அம்மாவுக்கு நான் அந்த கடிதத்த எப்ப குடுத்தேன்னு இன்னும் தெரியாது. ஜப்பான்காரன் தான் மெதுவா பாக்குறான்னு நெனச்சுகிட்டு இருக்காங்க. "அங்கயும் நம்ம ஒபிஸ் மாதிரி தானா பாப்பா?"ன்னு கேட்டாங்க முந்தாநாள். நான் "ம்"ன்னேன்.

பரீட்ச வெப்சைட்ட தெனமும் தொறந்து பாக்குறேன். விவசாயப் பிரிவுக்கு அடுத்த திகதி இன்னும் போடல.